தோல்யே பட்டறையில் ஒரு காவடி: சிறு நகரங்களில் புதுமை எப்படிப் பிறக்கிறது?

தைப்பூசத்துக்குக் கொடியேற்றி விரதம் தொடங்கியாயிற்று. மொரீஷியஸில், காத்ர் போர்ன் நகரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தோல்யே பட்டறை இருக்கிறது. நொறுங்கிய காரைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பவரை இங்கே கிரியோலில் தோல்யே என்பார்கள். பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்கும். விரதம் இருந்த பத்து நாளும் மாலை ஐந்து மணிக்கு மேல் கார்களை ஓரம் கட்டிவிட்டு, பட்டறை நடுவில் ஒரு காவடியை நிறுத்தியிருந்தார்கள்.

காவடி எடுக்கப்போகும் பையனுக்குப் பத்தொன்பது வயது. போன வருஷம் அவன் சுமந்த மரக்காவடி, கோர் தெ கார்த் மலைக்கோயில் படியேறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து தோளைப் புண்ணாக்கிவிட்டது. இந்த முறை கனம் குறைய வேண்டும், சாயக் கூடாது என்று கேட்டான். தோல்யே தோந்தோன் (மாமா, பெரியப்பா எல்லோருமே இங்கே தோந்தோன்தான்) ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தின் அலுமினிய வளையத்தை இரண்டாக அறுத்து வளைவுக்கு எடுத்துக்கொண்டார். மயிலிறகு செருகும் குச்சிகளுக்குப் பக்கத்து வீட்டு மீன்பிடிக்காரர் முறிந்துபோன தூண்டில் கோல்களைக் கொடுத்தார். கண்ணாடி இழையில் செய்தவை. மூங்கிலைவிட லேசு, ஒடியாமல் வளையும். தோளில் உட்காரும் இடத்துக்கு எதிர்வீட்டுத் தாந்தீன் ஒரு மெத்தை தைத்தார். இருபது வருஷம் ஸ்வெட்டர் ஆலையில் வேலை பார்த்த அத்தை அவர். ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டிக்குப் பின்னுவார்களே, வரி வரியான பின்னல், அதை நாலாக மடித்துத் தைத்து, "வேர்வையை உறிஞ்சும், தோளைவிட்டு நழுவாது" என்று இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.

அந்தக் காவடிக்கு வரைபடம் கிடையாது. ஒரு வெல்டர், ஒரு மீன்பிடிக்காரர், ஆலை வேலை போய் வீட்டோடு இருக்கும் ஒரு தையல்காரி. மூன்று பேரின் கைவேலை ஒரே பொருளில் வந்து சேர்ந்தது. மூவரும் ஒரே தெரு, ஒரே ரொட்டிக்கடை, ஒரே கோயில். அதனால்தான் சேர்ந்தது. சிறு நகரங்களில் புதியது எப்படிப் பிறக்கிறது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தப் பட்டறைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் ஆராய்ச்சியாளர்களின் கணக்கு வேறு பக்கம் கையைக் காட்டுகிறது. 2007-இல் லூயிஸ் பெத்தன்கூர், ஜெஃப்ரி வெஸ்ட் உள்ளிட்ட குழு ஒன்று பல நகரங்களின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. நகரத்தின் மக்கள்தொகை இரட்டிப்பானால், கூலி, புதுமை, செல்வம் போன்றவை இரட்டிப்பைத் தாண்டிப் பெருகுகின்றன. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சுமார் 15 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் சாரம். பெருநகரத்தில் ஒருவர் சந்திக்கக்கூடிய ஆட்கள் அதிகம். அதனால் யோசனைகள் மோதிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். இந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. லண்டனில் ஒரு நாளில் பதிவாகும் காப்புரிமைக்கு எங்கள் தீவு முழுவதும் சேர்ந்தாலும் ஈடாகாது.

அந்தக் கணக்கு சராசரியைச் சொல்கிறது. யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பெருநகரத்தில் லட்சக்கணக்கானோர் இருந்தாலும் வக்கீல் வக்கீலோடும், கணினிக்காரர் கணினிக்காரரோடும் பழகி வாழ்நாளைக் கழித்துவிடலாம். தன் தொழிலிலேயே தனக்குப் போதுமான கூட்டம் அங்கே கிடைத்துவிடுகிறது. சிறு நகரத்தில் அது நடக்காது. காத்ர் போர்னில் ஒரு தமிழ் வாத்தியாருக்குப் பேச்சுத்துணையாகப் பத்துத் தமிழ் வாத்தியார் கிடைக்கமாட்டார்கள். தோல்யேயிடமும் மீன்பிடிக்காரரிடமும்தான் பேசியாக வேண்டும். ஆள் குறைவாக இருப்பதே அயல்தொழிலோடு உறவாட வைக்கிறது.

ஒரு தொழில் ஓர் ஊரில் வேரூன்றிவிட்டால் அதன் நுட்பங்கள் ரகசியமாக இருப்பதில்லை, காற்றில் கலந்துவிடுகின்றன, பிள்ளைகள் தம்மை அறியாமலே கற்றுக்கொள்கிறார்கள் என்று 1890-இல் ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளியல் அறிஞர் எழுதினார். சிவகாசியை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1920-களில் அங்கிருந்து இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதிலிருந்து அச்சகம். மருந்து கையில் இருந்தது, அதிலிருந்து பட்டாசு. ஒரு வறண்ட சிற்றூர் இரண்டு தலைமுறையில் நாட்டுக்கே காலண்டர் அச்சிடும் ஊராயிற்று. இதில் நான் அடிக்கோடிட விரும்புவது அந்தக் கல்கத்தாப் பயணத்தை. ஊருக்குள் தொழில்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. வெளியிலிருந்து ஒரு பொறி வந்து விழ வாசல் திறந்திருக்க வேண்டும். சிறிய ஊரும் திறந்த வாசலும் சேர்கிற இடத்தில்தான் புதியது முளைக்கிறது. வாசல் மூடிய சிறிய ஊர் வெறும் சிறிய ஊராகவே நின்றுவிடும்.

எங்கள் தீவுக்கு அந்த வாசல் போர்ட் லூயி துறைமுகம். 1735-இல் லபூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக வந்து துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபோது கல் தச்சரும் கொத்தரும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்துக் கூலிகளாக நம்மவர் வந்து இறங்கியதற்கு நூறு ஆண்டு முந்தைய கதை இது. அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்றே பெயர். பிரெஞ்சுக்காரன் வரைந்த கட்டடத்தைத் தமிழன் கல்லில் நிறுத்தினான்.

அதே துறைமுகத்தில் 1847-இல் நடந்த ஒன்று இன்றும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அப்போது தீவு பிரிட்டிஷார் கையில். பிரிட்டனுக்கு வெளியே பேரரசின் எந்தக் குடியேற்றத்திலும் அதுவரை அரசு அஞ்சல்தலை அச்சிட்டதில்லை. இங்கே அச்சிடுவது என்று முடிவானதும் லண்டனுக்கு எழுதிக் காத்திருக்கவில்லை. ஊரிலேயே செதுக்கு வேலையும் சிற்றோவியமும் செய்துகொண்டிருந்த ஜோசப் பர்னார்டைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரே செப்புத் தகட்டில் இரண்டையும் செதுக்கினார்: ஒரு பென்னிக்கு ஒன்று, இரண்டு பென்ஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 500 அச்சிட்டார்கள். உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் தவம் கிடப்பது அந்தத் தலைகளுக்குத்தான். 1993-இல் உள்ளூர் வங்கிகளும் நிறுவனங்களும் கூட்டாக ஒரு ஜோடியை ஏலத்தில் எடுத்துத் தாயகத்துக்குக் கொண்டுவந்தன. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் விலையை மறந்துவிட்டு, கொஞ்சம் கோணலான அந்த எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஓவியம் வரைகிற கை அஞ்சலகத்துக்கு வேலை செய்திருக்கிறது. நிபுணர் இல்லாத ஊரில் கிட்டத்தில் இருப்பவர்தான் நிபுணர்.

தீவின் உள்நாட்டு நகரங்கள் பிறந்ததற்கு வேறு காரணம் உண்டு. 1864-இல் ரயில் வந்தது. 1866 முதல் 1868 வரை மலேரியா தீவைச் சூறையாடியது. போர்ட் லூயியில் பிணம் புதைக்க இடமில்லாத நிலை. உயிருக்குத் தப்பியவர்கள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு ஏறினார்கள். ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வக்கோவா, கியூர்பிப் எல்லாம் அப்படிப் பருத்த ஊர்கள். இன்றும் ஒன்றிலும் ஒன்றரை லட்சம் பேர் கிடையாது. ஓர் ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது; எங்களுக்கு நன்றாகத் தெரியும். ரோஸ் ஹில் நகராட்சி 1933-இல் பிளாசா என்ற நாடக அரங்கையே கட்டிவிட்டது. அந்தச் சின்ன ஊருக்கு அது தேவையா என்று அன்றைக்கு யாராவது கணக்குப் பார்த்திருந்தால் கட்டியிருக்கவே முடியாது. அரங்கம் இருந்ததால் நாடகக்காரர்கள் உண்டானார்கள். ஆண்டுதோறும் அரசு நடத்தும் நாடக விழாவில் தமிழுக்கும் இடம் உண்டு என்பது அந்த மரபின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது. நடிக்க வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் தமிழ் வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், கோயிலில் தமிழ். நாலு மொழிக்கு நடுவில் வளரும் பிள்ளைக்கு ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்ற எண்ணமே வருவதில்லை. முருங்கைக்கீரைக்கு எங்கள் சந்தையில் ப்ரெத் முரும் என்று பெயர்: முன்பாதி பிரெஞ்சுக் கிரியோல், பின்பாதி நம்முடையது.

கியூர்பிப்பின் கப்பல்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து 550 மீட்டர் உயரத்தில், பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊர். அங்கேதான் பழைய பாய்மரக் கப்பல்களின் மாதிரிகள் செய்யும் தொழில் இருக்கிறது. 1968 வாக்கில் ஒருவர் பொழுதுபோக்காக ஒரு கப்பலைச் செதுக்க, அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பிடித்துக்கொள்ள, தொழிலாயிற்று என்று சொல்வார்கள். பெரிய மாதிரி ஒன்றுக்கு நானூறு மணி நேரம்கூடப் பிடிக்கும். தேக்கிலும் கற்பூர மரத்திலும் உடல் செய்கிறார்கள். 1744-இல் எங்கள் கரையில் உடைந்த சேன் ஜெரான் போன்ற கப்பல்களின் அளவைப் பழைய படங்களிலிருந்து எடுக்கிறார்கள். ஆண்கள் பெரும்பாலும் மரவேலை. பெண்கள் கயிறும் பாயும்.

ஒருமுறை அந்தப் பட்டறை ஒன்றில் நின்று பார்த்தேன். மேசையோரம் அலுமினியக் கிண்ணத்தில் ஆறிப்போன தேநீர். குடிப்பதற்கு என்று நினைத்தேன். அங்கிருந்த பெண் வெள்ளைத் துணிப்பாய்களை ஒவ்வொன்றாக அதில் முக்கி எடுத்துக் கொடியில் காயப்போட்டார். காய்ந்ததும் நூறு வருஷம் உப்புக்காற்றில் அலைந்த பாய் மாதிரி பழுப்பேறியிருந்தது. மரச் சாமான் செய்த கை, ஊசி பிடித்த கை, அடுப்படியின் தேயிலை மூன்றும் சேர்ந்து ஒரு கப்பல். கடலே கண்ணுக்குத் தெரியாத மேட்டில்!

அந்த ஊசி பிடித்த கைக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. ஆலைகளை ஒரே வேலிக்குள் அடைக்காமல் தீவில் எங்கே வேண்டுமானாலும் நடத்தலாம் என்று விட்டார்கள். ஹாங்காங் முதலும் உள்ளூர்ச் சர்க்கரை முதலும் சேர்ந்து ஸ்வெட்டர், சட்டை ஆலைகள் நகரத்துக்கு நகரம் முளைத்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் வாழ்க்கையில் முதன்முறையாகச் சம்பளம் வாங்கினார்கள். 2005-இல், உலக ஆடை வணிகத்தில் எந்த நாடு எவ்வளவு விற்கலாம் என்று வகுத்திருந்த ஒதுக்கீட்டு முறை முடிந்தபோது பல ஆலைகள் மூடப்பட்டன. வேலை போனது, கை போகவில்லை. எங்கள் தெருத் தாந்தீனைப் போல அந்தப் பெண்கள் வீட்டு முன்னறையில் தையல் எந்திரத்தைப் போட்டுக்கொண்டார்கள். முதலுக்கு வங்கிக்குப் போனவர்கள் குறைவு, சிட் பிடித்தார்கள். நம் சீட்டுத்தான், கிரியோலில் சிட் ஆகிவிட்டது. மாதாமாதம் பத்துப் பேர் பணம் போட்டு, முறை வருகிறவர் எடுப்பது. இது நடப்பதற்கு ஒருவருக்கொருவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். முகம் தெரிந்த ஊரில்தான் பிணையில்லாத கடன் கிடைக்கும். அந்தக் கடன்தான் புதிய யோசனைக்கு முதல் எண்ணெய்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காத்தோ பிமான் என்பது மசால் வடைதான். தட்டையாகத் தட்டாமல் சின்ன உருண்டையாகப் போடுவார்கள். காலையில் அதைச் சூடாக எடுத்து, பிரெஞ்சு அடுப்பில் சுட்ட ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, நடுவில் நசுக்கி வைத்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போவது தீவு முழுக்க உள்ள வழக்கம். சாதி, மதம் பார்ப்பதில்லை.

பக்கத்துத் தீவான ரெயூனியனில் சேன் சுசான் என்றொரு சின்ன ஊர். மெக்சிகோவிலிருந்து வந்த வனிலாக் கொடி அங்கே செழித்து வளர்ந்தும் காய் பிடிக்கவில்லை. அதன் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீ இந்தப் பக்கம் இல்லை. 1841-இல் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவைத் திறந்து மகரந்தத்தை ஒட்டவைத்தான். அவனுடைய எஜமானர் தர்பூசணி வகைப் பூ ஒன்றுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதை அவனுக்குக் காட்டியிருந்தார். அந்த வித்தையைப் பையன் வேறொரு பூவுக்குக் கொண்டுபோனான். மடகாஸ்கரின் வனிலாத் தோட்டங்கள் இன்றும் அந்த விரலசைவில்தான் நிற்கின்றன. விடுதலை பெற்று எட்மோன் அல்பியுஸ் என்று பெயர் பெற்ற அவன் 1880-இல் வறுமையில் இறந்தான். சிற்றூர் ஒருவனுக்கு யோசனையைக் கொடுத்தது. அதன் பலனைக் கொடுக்கவில்லை. இதை மறைத்துவிட்டுச் சிற்றூர்களைப் புகழ எனக்கு மனம் வராது.

ஏனென்றால் எங்கள் ஊர்களிலும் அந்தக் குறை இருக்கிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது கடன் கிடைக்க உதவுகிறது. அதுவே தோற்றவனை நிமிரவிடாமலும் செய்கிறது. பெருநகரத்தில் கடை நொடித்தால் தெருவை மாற்றிக்கொள்ளலாம். இங்கே பத்து வருஷம் கழித்தும் "அந்தக் கடையை மூடினானே, அவன் மகனா?" என்று கேட்பார்கள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் அடுப்பிலேயே அவிந்துபோன யோசனைகள் எத்தனையோ. சந்தையும் சின்னது: தீவு முழுக்கவே சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். நன்றாகப் படித்த பிள்ளைகள் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். என்னிடம் தமிழ் படித்தவர்களில் கெட்டிக்காரர்கள் பலர் இன்று இந்தத் தீவில் இல்லை. சொல்லும்போது வலிக்கிறது.

எங்கள் காவடிக்கும் எதிர்ப்பு வந்தது. கோயில் பெரியவர்கள் சிலர் அலுமினிய வளைவைப் பார்த்து முகம் சுளித்தார்கள். மரம்தான் முறை என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மரபு என்று ஒன்றை யாராவது பிடித்துக்கொண்டிருந்ததால்தானே மொழி போன பிறகும் காவடி மிஞ்சியது. கடைசியில் ஒரு தாத்தா, "பால் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தால் முருகனுக்குப் போதும்" என்றார். பேச்சு அதோடு அடங்கியது.

அரசு திட்டமிட்டுக் கட்டிய புதுமை நகரமும் எங்களிடம் உண்டு. ரோஸ் ஹில்லுக்கு ஒட்டினாற்போல், கரும்பு வயலாக இருந்த இடத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கடனுதவியோடு எபென் சைபர் நகரத்தை எழுப்பினார்கள். 2002-இல் கடலடிக் கேபிள் தீவைத் தொட்டது. வேகமான இணையத்துக்கு வாசல் திறந்தது. எங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிறார்கள். எத்தனையோ வீட்டுக் கடன் அடைந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்டதனம். ஆனாலும் அங்கே நடந்து பார்த்தால் ஒரே மாதிரியான அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரே மாதிரியான அலுவலகம். கீழே பட்டறை இல்லை, தையல்காரி இல்லை, மாலையில் வேலை முடிந்ததும் தெரு காலி. வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே கலப்பு இல்லை. அங்கு நடப்பது பெரும்பாலும் வேறெங்கோ யோசித்ததை இங்கே செய்துகொடுப்பது.

கலப்பு எதில் இருக்கிறது என்று பார்த்தால், விலை குறைந்த இடத்தில் இருக்கிறது. தோல்யேயின் பட்டறை அவருடைய அப்பா காலத்துத் தகரக் கொட்டகை, வாடகை இல்லை. அதனால்தான் பத்து நாள் மாலை வேளையைக் காவடிக்கு விட முடிகிறது. 1980-களில் ரோஷ் புவா என்ற எளிய பேட்டையில் காயா என்ற பாடகர் எங்கள் செகாவையும் ஜமைக்காவின் ரெகேவையும் சேர்த்து செகே என்ற புது இசையை உண்டாக்கியதும் அப்படிப்பட்ட கொட்டகைப் புழக்கத்தில்தான். செகாவின் ரவான் ஆட்டுத்தோல் போர்த்திய பெரிய வட்டப் பறை. வாசிக்குமுன் தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். நம் தப்புக்குச் செய்வது போலவே. அடிமைகளாக வந்தவர்களின் தாளத்துக்கு வானொலி வழியாக ஒரு தூரத்துத் தாளம் வந்து சேர்ந்தது. இன்றைக்கு நகரத்து மையங்களில் பழைய கொட்டகைகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. வணிகமோ நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய அங்காடிகளுக்குப் போகிறது. நகராட்சிகள் "புதுமை மையம்" என்று பலகை மாட்டுவதற்கு முன்னால், இருக்கிற பட்டறைகளைத் தெருவிலேயே தங்கவிட வழி பார்த்தால் நல்லது. வாடகை ஏறினால் முதலில் வெளியேறுகிறவர் தோல்யேதான். அவருக்குப் பின்னாலேயே அந்த மாலை நேரமும் போய்விடும்.

ஒரு நல்ல விஷயம் நடந்திருக்கிறது. 1956-இல் பயணிகள் ரயிலை நிறுத்திய பிறகு, பழைய தடத்தின் பெரும்பகுதியை ஒட்டி 2019 முதல் மெட்ரோ ஓடுகிறது. 2022-இல் கியூர்பிப் வரை போனது. 2023-இல் ரோஸ் ஹில்லிலிருந்து எபென் வழியாக ரெதுய் பல்கலைக்கழகம் வரை ஒரு கிளை. சின்னச் சின்ன நகரங்கள் ஒரு நூலில் கோத்த மணி மாதிரி ஆகிவிட்டன. ஒவ்வொன்றும் தன் அளவில் இருந்துகொண்டே பக்கத்து ஊரின் கைகளையும் கூப்பிட முடிகிறது.

காவடியில் கடைசி வரை தீராத சிக்கல் ஒன்று இருந்தது. உச்சியில் இருக்கும் மயில்தோகை வட்டம், பையன் ஆடித் திரும்பும்போது தனியாகச் சுழல வேண்டும் என்று ஆசைப்பட்டான். தோல்யே தோந்தோன் காரின் பேரிங் ஒன்றை வைத்துப் பார்த்தார். அதன் கனத்தில் காவடி முன்னால் சாய்ந்தது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தும் வழி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறே கால் மெட்ரோவில் பையனின் அண்ணன் வந்து இறங்கினான். எபெனில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. கையில் கறுப்புக் குப்பைப் பையால் சுற்றிய ஒரு சாமான். அலுவலகத்தில் உடைந்துபோய்க் கழித்துப்போட்ட சுழல்நாற்காலியின் அடிப்பகுதியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். ரோஸ் ஹில்லில் வண்டி மாறும்போது எல்லோரும் அவனையே பார்த்தார்களாம்.

தோந்தோன் அதைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்து ஒரு விரலால் தட்டிவிட்டார். சத்தமே இல்லாமல் சுழன்றது. தாந்தீன் மயிலிறகுக் கட்டை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.